கூகுளில் தேடினால் இனி என்ன வரும்? போச்சம்பள்ளி சந்தை நாளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. சந்தைக்குப் போகும் வழியில் என் கம்ப்யூட்டர் சென்டர் இருப்பதால், ஜெராக்ஸ் எடுக்கவும் பட்டாவுக்கு விண்ணப்பிக்கவும் வருகிறவர்களோடு, கேள்வி கேட்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருப்பவர்கள், பர்கூர் இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள். இரண்டு வருடமாகக் கேள்விகள் பெரும்பாலும் இணையத் தேடலைப் பற்றியே வருகின்றன. அன்றன்று அவசரத்தில் பாதியாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

முன்பெல்லாம் தேடினால் வரிசையாக லிங்க் வரும். இப்போது மேலேயே ஒரு பதில் வருகிறதே, அதை யார் எழுதுகிறார்கள்?

யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. நீங்கள் கேட்ட அந்த நொடியில் இயந்திரம் எழுதுகிறது.

1998 இல் கூகுள் தொடங்கியபோது தேடல் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர், எப்பேர்ப்பட்டவர்கள் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்துவார்கள். 2017 இல் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்காமல் வாக்கியத்தில் உள்ள மற்ற எல்லாச் சொற்களோடும் சேர்த்துப் பார்க்கும் முறை அது. அதிலிருந்து பிறந்த பெர்ட் என்ற கூகுளின் மொழி மென்பொருள் 2019 இல் தேடலுக்குள் வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா நிறுவனங்களும் போட்டி போட்டு ஓட ஆரம்பித்தன. ஏஐ ஓவர்வியூ என்ற அந்த மேல்பதில் இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகக்கூடிய ஏஐ மோட் 2025 இல் தமிழிலும் கிடைத்துவிட்டது.

இப்போது உள்ளே நடப்பது இரண்டு வேலை. ஒன்று, உங்கள் கேள்விக்குப் பொருந்தும் பக்கங்களைத் தேடி எடுப்பது. இரண்டு, அவற்றைப் படித்துச் சுருக்கி எழுதுவது. தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுவந்த காகிதங்களைப் புரட்டுகிறார், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறார். காகிதம் சரியாக இருந்தால் மனுவும் சரியாக இருக்கும். ஒரு காகிதம் குறைந்தால் ஊகித்து எழுதுவார். கையெழுத்து மட்டும் அதே அழகோடு இருக்கும்.

அப்போ அந்தப் பதிலை நம்பலாமா அண்ணா?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கை இதைக் கேட்டாள். அவள் காட்டிய பதிலையே சொல்கிறேன். தமிழ்நாட்டில் இரும்பு மிகப் பழமையாகப் பயன்பட்டது எங்கே என்று கேட்டிருக்கிறாள். நம் மாவட்டத்து மயிலாடும்பாறை, கி.மு. 2172 என்று பதில் வந்திருக்கிறது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அதுதான் சரியான பதில். நமக்கெல்லாம் எவ்வளவு பெருமையாக இருந்தது! ஆனால் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு புதிய ஆய்வு முடிவை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை போகின்றன. அவள் கேட்டது அதற்குப் பல மாதம் கழித்து.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதன் படிப்பு ஒரு தேதியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்தது தெரிய வேண்டுமானால் அது மறுபடி இணையத்தில் போய்த் தேட வேண்டும். சில நேரம் தேடுகிறது, சில நேரம் நினைவில் இருப்பதையே சொல்லிவிடுகிறது. இரண்டுக்கும் குரல் ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. எனவே பதிலுக்குப் பக்கத்தில் இருக்கும் லிங்க்கைத் திறந்து, தேதியைப் பாருங்கள். மருந்தின் அளவு, பூச்சிமருந்தின் அளவு, விண்ணப்பத்தின் கடைசி நாள் மூன்றையும் மேல்பதிலை மட்டும் வைத்து முடிவு செய்யவே கூடாது.

ஆங்கிலத்தில் கேட்டால் நன்றாக வருகிறது. தமிழில் கேட்டால் சுமாராக வருகிறது. ஏன்?

எனக்கு மனசுக்கு நெருக்கமான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் காரணம், எழுதியது குறைவு. இணையப் பக்கங்களைத் திரட்டி எல்லாருக்கும் இலவசமாகத் தரும் காமன் கிரால் என்ற தொகுப்பு 2007 இலிருந்து இருக்கிறது. பெரும்பாலான மொழி மாதிரிகள், அதாவது இப்படிப் பதில் எழுதும் இயந்திரங்கள், அதைத்தான் படித்து வளர்ந்தன. அதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆங்கிலம். தமிழ் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாவது, எழுத்து கணினிக்குள் எப்படி உட்காருகிறது என்பது. தருமபுரி என்று எழுதிப் பாருங்கள். த, ர, உகரக்குறி, ம, ப, உகரக்குறி, ர, இகரக்குறி என எட்டுத் துண்டுகள். கணினி இடத்தை அளக்கும் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 24 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாகத்தான் படிக்கின்றன. ஆங்கிலம் அதிகம் படித்த மாதிரி, தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பொடியாக நறுக்கிவிடும். செலவு கூடுகிறது, பொருளும் சிதறுகிறது. புதிய மாதிரிகளில் இது நிறையவே சரியாகி வருகிறது.

மூன்றாவது, நம் மொழியின் இயல்பு. கன்று, கன்றுகள், கன்றுகளுக்கு, கன்றுக்குத்தான், மாங்கன்று, பேச்சில் மாங்கன்னு. நமக்கு எல்லாம் ஒன்றுதான். எழுத்தைப் பொருத்திப் பார்க்கும் பழைய தேடலுக்கு ஆறும் ஆறு சொல். ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். அரசு எழுதுவது தருமபுரி, கடைப் பலகையில் தர்மபுரி. ஒகேனக்கல், ஹொகேனக்கல் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

சரி, இதற்குத் தீர்வு வந்துவிட்டதா என்றால், வந்துகொண்டிருக்கிறது. இப்போதைய தேடல் சொல்லை எழுத்தாகப் பார்க்காமல், நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி ஒரு வரைபடத்தில் குறிப்பது போல் குறித்து வைக்கிறது. பொருள் நெருங்கிய சொற்கள் அங்கே பக்கத்துப் பக்கத்து வயல்களாக இருக்கும். நம் ஊரில் பெங்களூரா என்கிறோம், வேறிடத்தில் கிளிமூக்கு, வடக்கே தோத்தாபுரி. மூன்றும் ஒரே மாம்பழம். எழுத்தில் துளியும் ஒற்றுமை இல்லாத இந்த மூன்றையும் வரைபடத்தில் ஒரே இடத்தில் வைக்க இயந்திரத்தால் முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. இந்த மூன்று பெயரையும் ஒரே மாதிரியான பேச்சில் யாராவது, எங்காவது எழுதியிருக்க வேண்டும். கூழ் ஆலைக்குப் போவது எது, மூக்கு வளைந்திருப்பது எது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதப்படாத ஒன்றை எந்தத் தொழில்நுட்பமும் வரைபடத்தில் குறிக்க முடியாது.

எங்கள் நர்சரி இணையதளம் பதினைந்து வருடத்துக்கு முன்பு செய்தது. தமிழில் தேடினால் வருவதே இல்லை. என்ன பிழை?

சந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இந்தக் கேள்வியோடு வந்தார். தளத்தைத் திறந்தேன். திரையில் தமிழ் அழகாகத்தான் இருந்தது. மல்கோவா என்று இருந்த வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ ஒன்று வந்து விழுந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் கால முறையில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். மனிதக் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்குக் குப்பை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் தமிழுக்கு 1991 லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010 இல் அதை ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் ஃபிளக்ஸ் கடைகளிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே அடித்ததை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

மாற்றுவது கஷ்டமில்லை. இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். முக்கியமாக கௌ என்ற எழுத்தைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற முழு எழுத்தை வைத்து பலர் அடித்திருப்பார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும், கணினிக்கு அது கெள என்ற வேறு சொல். பெரியவரின் 14 பக்கத்தையும் ஒரு மாலையில் மாற்றி முடித்தோம். விலைப்பட்டியல் படமாக இருந்தது. அதையும் எழுத்தாக அடித்துப் போட்டோம். படத்தில் இருக்கும் எழுத்தை இயந்திரம் இப்போது ஓரளவு படிக்கிறது என்றாலும், வளைத்து நெளித்து அலங்காரமாக எழுதிய தமிழில் தடுமாறுகிறது.

பதிலை மேலேயே படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், தளத்துக்குள் யாரும் வருவதில்லை. அப்புறம் எதற்குத் தளம்?

இந்தக் கவலை நியாயமானது. செய்தி எழுதுகிறவர்கள், சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள், பாடக்குறிப்பு போடுகிறவர்கள் பிழைப்பதே பக்கத்துக்கு ஆள் வருவதால் கிடைக்கும் விளம்பரக் காசில். அவர்கள் உழைப்பை எடுத்துச் சுருக்கிக் கொடுத்துவிட்டு ஆளையும் அனுப்பாமல் இருந்தால் அது அநியாயம் என்றே நினைக்கிறேன். உலகம் முழுக்க இதற்குத்தான் சண்டை நடக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் கருவி, தளத்தின் வாசலில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பு. பக்கங்களைப் படித்து எடுக்க எந்த இயந்திரம் வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் இந்த வழக்கம் 1994 இலிருந்து இருக்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் இயந்திரத்தின் பெயரை 2023 ஆகஸ்டில் வெளியிட்டு, வேண்டாமென்றால் தடுத்துக்கொள்ளலாம் என்றது. கூகுளும் அடுத்த மாதமே, தன் ஏஐ பயிற்சிக்குப் பக்கங்களைத் தர விரும்பாதவர்கள் தடுப்பதற்கென்று கூகுள் எக்ஸ்டெண்டட் என்ற பெயரை அறிவித்தது. ஆனால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கூகுள் எக்ஸ்டெண்டடைத் தடுத்தாலும் தேடலின் மேல்பதிலில் உங்கள் பக்கம் வருவது நிற்காது. அது வழக்கமான தேடல் இயந்திரத்தின் கணக்கில் வருகிறது. 2025 ஜூலையில், இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ இயந்திரங்களை முதலிலேயே தடுத்து வைப்பதாக அறிவித்தது. படிக்க வேண்டுமானால் காசு கொடு என்று கேட்கும் முறையையும் சோதனைக்குக் கொண்டுவந்தது. இது நிலைத்தால் சிறிய எழுத்தாளருக்கு நல்லது.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் ஒரு நீதிமன்றம், கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த உத்தரவு, குரோம் பிரவுசரை விற்கச் சொல்லவில்லை. ஆனால் தேடல் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. வருங்காலத்தில் நாம் தேடும் இடம் ஒன்றாக இல்லாமல் நாலைந்தாகப் பிரிய இது ஒரு காரணமாகலாம்.

சரி, நர்சரிக்காரருக்கு என்ன சொல்வது? உங்களுக்கு வேண்டியது வாசகர் இல்லை, போன் பண்ணுகிறவர். மேல்பதிலில் உங்கள் பெயர் வந்தால் லாபம்தான். யாரையும் தடுக்காதீர்கள்.

முதல் இடத்தில் கொண்டுவருகிறோம், ஏஐயிலும் வரவைக்கிறோம் என்று போன் செய்து பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அந்த உத்தரவாதம் யார் கையிலும் இல்லை. மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். திறக்கும் நேரம், முகவரி, விலை போன்றவற்றை இயந்திரத்துக்குப் புரியும்படி குறிக்கும் ஸ்கீமா முறை 2011 இலிருந்து எல்லாருக்கும் பொது. தெரிந்த பையன் அரை நாளில் செய்து தருவான். மிச்சமெல்லாம் நீங்கள் எழுதுவதில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் இடைவெளியில் நட வேண்டும் என்பதை எல்லாத் தளமும் சொல்கிறது. உங்கள் செம்மண் மேட்டில், தண்ணீர் குறைந்த வருடத்தில், எந்த ரகம் தாங்கியது என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு டைப் பண்ண வராது. வாயால் கேட்டால் புரிந்துகொள்ளுமா?

முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. இந்திய மொழிகளில் பேச்சையும் மொழிபெயர்ப்பையும் கணினிக்குக் கொண்டுவரும் மத்திய அரசின் பாஷிணி திட்டம் 2022 இல் தொடங்கியது. ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழு, மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களின் இயல்பான பேச்சைப் பதிவு செய்து எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்து விட்டிருக்கிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, கடைக்கு வந்தால் தமிழ் பேசுகிற நம் மாவட்டத்துக்கு இந்த மாதிரிப் பதிவுகள் மிக அவசியம்.

ஒரு அம்மா என் கடையில் உட்கார்ந்து, பாலக்கோடு மார்க்கெட்டில் இன்றைக்குத் தக்காளி பெட்டி என்ன விலை என்று போனிடம் கேட்டார். சொன்ன சொல் ஒன்றுகூடத் தவறாமல் திரையில் விழுந்தது. பதில் மட்டும் வேறு ஊரின் கிலோ விலை. காது சரியாகிவிட்டது, சொல்வதற்கு அதனிடம் சரக்கு இல்லை. விலைக்கு உழவன் செயலியைத் திறந்து பாருங்கள் என்று காட்டிக் கொடுத்தேன்.

மாவிலையைப் படம் எடுத்துக் காட்டினால் நோய் என்ன என்று சொல்லிவிடுகிறதே, அது சரியா?

பாதி வழி கொண்டுபோய் விடும். படத்தால் தேடுவது 2017 இல் கூகுள் லென்ஸோடு பரவலானது. 2024 இலிருந்து சில போன்களில் திரையில் வட்டம் போட்டாலே தேடுகிறது. ஆனால் இலை கறுத்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். தத்துப்பூச்சி சுரக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் படரும் கரும்பூசணம் ஒன்று. ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோயின் புள்ளி இன்னொன்று. படத்தில் இரண்டும் கறுப்பு. ஈர விரலால் துடைத்துப் பாருங்கள்: கரும்பூசணம் கையோடு வரும், புள்ளி வராது. போனுக்கு விரல் இல்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் இலையோடு பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விடுங்கள், பக்கம்தானே.

கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன், பணம் போய்விட்டது. எப்படி நடந்தது?

மோசடிக்காரர்கள் போலி எண்ணைப் பல தளங்களில் எழுதி வைக்கிறார்கள். தேடுபொறி எழுதியிருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. மேல்பதிலும் அதே எண்ணை அழகான வாக்கியத்தில் வைத்துக் கொடுத்துவிடக்கூடும். வங்கி எண்ணை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930 க்கு அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

இனி நாம் தேடவே வேண்டாம், போனே தேடி, வாங்கி, பணமும் கட்டிவிடும் என்கிறார்களே?

அந்தத் திசையில்தான் போகிறார்கள். பிரவுசரைத் தானே இயக்கும் ஏஜென்ட்டை ஓபன்ஏஐ 2025 ஜனவரியில் காட்டியது. அதே ஆண்டில் ஏஐ உள்ளேயே பொருந்திய பிரவுசர்களும் வந்தன. மாதிரிகள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கு ஒரு பொது முறையை ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. ஏஜென்ட் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, அந்தப் பக்கத்திலேயே வெள்ளையில் வெள்ளையாக மறைத்து ஒரு கட்டளை எழுதி வைக்க முடியும். இந்தப் பொருளையே வாங்கு, இந்தத் தகவலை இங்கே அனுப்பு என்று. நம் கண்ணுக்குத் தெரியாது, அது படித்துவிடும். உரிமையாளர் சொன்னதா ஊரான் சொன்னதா என்று பிரித்தறிவதில் இன்னும் தவறுகிறது. பார்த்துவர அனுப்புங்கள். பர்ஸைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊர் விஷயத்தை நாங்களே எழுத வேண்டுமென்றால் எங்கே ஆரம்பிப்பது?

முதலில் வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே வாருங்கள். மா விவசாயிகள் குழு, தக்காளிக் குழு, பட்டுக்கூடு குழு என்று நம் மாவட்டத்தின் அறிவெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எந்தத் தேடுபொறியும் அதற்குள் நுழைய முடியாது. நுழையவும் கூடாது, அது உங்கள் தனிப்பேச்சு. அதில் நாலு பேருக்குப் பயன்படுவதை எடுத்துத் திறந்த இடத்தில், யூனிகோடில், தேதியோடு எழுதுங்கள். தளம் வேண்டுமென்றால் முகவரியின் முடிவையே தமிழில் .இந்தியா என்று வாங்க முடிகிறது. ஊர், கோயில், ஏரி பற்றியென்றால் 2003 இலிருந்து இயங்கும் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. ஆதாரம் காட்டி எழுத வேண்டும், அவ்வளவுதான். தட்டச்சு கற்க நினைக்கும் பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள், ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

தட்டச்சே வேண்டாம் என்றால் சொல்லுங்கள், போன் எழுதும். அந்த நர்சரிப் பெரியவர் இப்போது ஞாயிறுதோறும் சந்தை கலைந்தபின் வந்து உட்கார்ந்து, மாங்கன்றில் ஒட்டுக் கட்டும் முறையைச் சொல்கிறார். பத்து நாள் முன்பே தாய்மரத்துக் கிளையில் இலையைக் கிள்ளி விடணும், மொட்டு உப்பினபின் ஒட்டுக்குச்சியை வெட்டணும், கன்றின் தலையை வெட்டி நடுவில் பிளக்கணும், குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகணும். ஒட்டுக்குச்சி என்று அவர் சொன்னதை போன் முதல் இரண்டு முறை ஒற்றைக் குச்சி என்று எழுதியது. மூன்றாம் முறை அவரே அருகில் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சொன்னார், சரியாக விழுந்தது. நாடா கட்டுவதுவரை எழுதி ஏற்றியாகிவிட்டது. அந்த நாடாவை எந்த நாளில், எப்படிப் பிரிப்பது என்பதை அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றிருக்கிறார்.